மீதிப் பாதி

பெட்டி சின்னது, சட்டைப்பைக் கடிகாரம் அளவுதான்.
திருத்தொண்டர் காயுபுல் அதை
மழைக்கோட்டுக்குள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.
எதிரில் உட்கார்ந்தும் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.
அதைச் சுமக்கும்போது பேசக்கூடாதாம்.
எனக்கும் அதுவே வசதி.
டீசலுக்கும் வாடகைக்குமாக ஒப்புக்கொண்ட பயணம்.

ஆகஸ்டில் சிலோயேயின் உள்கடலில்
மழை மேலிருந்து விழாது,
பக்கவாட்டில் வந்து காதில் அறையும்.
சிப்பி வளர்க்கும் கயிறுகளின் கறுப்பு மிதவைகளை
ஒவ்வொன்றாக விலக்கி ஓட்டினேன்.
எந்த வீட்டுக்கு என்று அவர் துறையில் சொன்னபோது
கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தேன்.
அவிழ்த்ததை மறுபடி கட்டுவதா?
அப்பா இருந்தால் அபசகுனம் என்பார்.

அவெலீனோ நவேல்கின் வீட்டுக்கு.
பதினோரு வருடங்களுக்கு முன்
இருவராகக் கிளம்பி ஒருவராகத் திரும்பியவன்.
திரும்பாதவன் என் தம்பி எலியாசர்.
எப்படி என்று கேட்ட எல்லாருக்கும்
அதே ஒரு சொல்தான் சொன்னான்:
காற்று.

அன்று முதல் ஞாயிறுதோறும்
கோயிலின் கடைசித் தூணோடு நிற்கிறேன்,
எஞ்சின் சாவியைக் கையில் பிடித்தபடி.
வரிசை நகரும். நான் நகர்வதில்லை.
அவன் நாக்குக்கு எடுத்த தட்டிலிருந்துதானே
என் நாக்குக்கும் எடுப்பார்கள்.
எல்லாரும் ஒரே உடல் என்கிறார்கள்.
அந்த உடலில் அவனும் இருந்தால்
நான் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

விறகடுப்பு. ஈரக் கம்பளி வாடை.
வெளியே நிற்கிறேன் என்றதற்கு
அவன் மகள் ஒதீலியா
மழையைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள்.
அவனுக்கு வலப்பக்கம் முழுதும் போய்விட்டிருந்தது.
தண்ணீர்கூடப் புரையேறுகிறதாம்.
மாவு கலந்து கெட்டியாக்கித் தருகிறாள்.

"கிறிஸ்துவின் உடல்."
ஆமென் வரவில்லை அவனுக்கு.
அடைத்த பம்பு காற்றை இழுப்பதுபோல ஓர் ஓசை வந்தது.
திருத்தொண்டர் அப்பத்தை ஒடித்தார்.
அவ்வளவு மெல்லிய ஒன்று
அவ்வளவு சத்தமாக உடையும் என்று தெரியாது.
ஒரு பாதியைத் துணியில் வைத்துவிட்டு
மற்றதிலிருந்து கடுகளவு கிள்ளிக்
கரண்டியில் கெட்டித் தண்ணீரோடு கொடுத்தார்.

தொண்டைக் கணு மேலே ஏறியது.
நின்றது.
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
யாரும் மூச்சுவிடவில்லை.
அவன் விழுங்கவேண்டுமே என்று
நானும் விழுங்கினேன், வெறும் எச்சிலை.
அதை நான் செய்தேன் என்பது
அது இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மிஞ்சியதைத் தானே உட்கொள்ளத்
திருத்தொண்டர் கையை எடுத்தார்.
கம்பளிக்குள்ளிருந்து அவன் இடக்கை எழும்பியது.
கிள்ளிய துண்டை அவர் பக்கம் விட்டுத்
துணியில் கிடந்த பாதியைத் தொடாமல் காட்டி
மெல்லத் திரும்பி
என்னைக் காட்டியது.

பாவசங்கீர்த்தனம் செய்து பதினோரு வருடம்.
அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.
அந்தக் கை நடுங்கிக்கொண்டே காத்திருந்தது,
இறக்கினால் மறுபடி தூக்க முடியாததுபோல.
நான் ஆம் என்று சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
ஆமென் என்றேன்.

மழை விட்டிருந்தது என்று எழுதினால் பொய்.
வலுத்திருந்தது.
மூன்றாவது இழுப்பில்தான் எஞ்சின் பிடித்தது.
மன்னித்தாயா என்று கேட்காதீர்கள்.
எலியாசர் போன இடம் வந்தது.
எப்போதும் அங்கே வேகம் கூட்டுவேன்,
இன்றும் கூட்டினேன்.

பெட்டி இப்போது காலி.
திருத்தொண்டர் பேசத் தொடங்கினார்:
உருளைக்கிழங்கு விலை, மருமகனுக்குச்
சால்மன் கம்பெனியில் கிடைத்த இரவு வேலை.
"என்ன எடெல்மிரா, பேச்சையே காணோம்?"
மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது அந்தப் பாதி,
நெம்பினாலும் அசையாமல்.
என்ன பதில் சொல்ல?
சுமக்கும்போது பேசக்கூடாதாமே.